கஷ்டம் ஒரு வாத்தியார் இல்லை

"பட்டால்தான் தெரியும்." கொழும்பில் தமிழ் வீட்டில் வளர்ந்த எவருக்கும் இந்த வசனத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர் சொல்லுவார். கோயில் மண்டபத்தில் சொற்பொழிவுக்கு வந்தவர் சொல்லுவார். கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருக்கிற பெரியப்பா சொல்லுவார். குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் சூரியன் உதிக்கிற படத்தோட காலை ஆறு மணிக்கே வரும். எல்லாரும் சொல்லுறது ஒண்டுதான்: சண்டையும் இழப்பும் கஷ்டமும் வந்தால்தான் வாழ்க்கையில எது முக்கியம் எண்டு மனுசனுக்கு விளங்கும், அதுக்குப் பிறகு அவன் காசையும் கௌரவத்தையும் விட்டிட்டு அன்பு, உறவு, உயிர் எண்டு மதிக்கத் தொடங்குவான்.

இதில் பாதி உண்மை. சண்டை மனிதர் எதை மதிக்கிறார்கள் என்பதை மாற்றத்தான் செய்கிறது. மிச்சப் பாதிதான் பிரச்சினை. அந்த மாற்றம் நல்ல பக்கமாகத்தான் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தந்தது? பட்டதால் பக்குவம் வருமென்றால், வெள்ளவத்தையில் காலி வீதியின் இரண்டு பக்கமும் ஞானிகள்தான் இருக்க வேண்டும். இருக்கிறார்களா? நீங்களே ஒருக்கா நடந்து பாருங்கள்.

முதலில், எங்கள் ஆட்கள் முந்தி எதை மதித்தார்கள் என்று பார்ப்போம். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும்" என்பது சும்மா வந்த பழமொழி இல்லை. அரசாங்க உத்தியோகம், அந்த உத்தியோகத்தை வைத்துக் கொழும்பில் ஒரு வீடு, ஊரில் கொஞ்சம் காணி. இதுதான் மரியாதையான வாழ்க்கை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் உத்தியோகத்தில் கை வைத்தது. 1958இலும் 1977இலும் கலவரங்கள் வந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் தரப்படுத்தல் பல்கலைக்கழக அனுமதியில் கை வைத்தது. பிறகு 1983 ஜூலை. 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். 24ஆம் திகதி பொரளையில் தொடங்கிய நெருப்பு 25ஆம் திகதி வெள்ளவத்தையை எரித்தது. வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த இலக்கத்தில் தமிழர் இருக்கிறார்கள் என்று தெரிந்துதான் வந்தார்கள். அதே நாளும் 27ஆம் திகதியும் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். மொத்தமாக இறந்தவர்கள் அரசாங்கக் கணக்கில் சில நூறு பேர், மற்றக் கணக்குகளில் மூவாயிரம் வரை.

அந்தக் கிழமைக்குப் பிறகு ஒவ்வொரு பொருளின் பெறுமதியும் மாறியது. கையில் தூக்கிக்கொண்டு ஓட முடியாத எதற்கும் பெறுமதி இல்லை என்று ஆகியது. வீடு எரியும், அலுமாரி எரியும், புத்தகம் எரியும், வளவில் நட்ட மாமரத்தை யாரோ வெட்டுவான். நகையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். சேர்ட்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். இங்கிலிஷ் மூளைக்குள்ள இருக்கும், அதை ஒருத்தரும் கொளுத்த ஏலாது. பாஸ்போர்ட்டும் ரொறன்ரோவில் ஒரு சித்தப்பாவும் இருந்தால் உயிர் மிஞ்சும். இந்தக் கணக்கில்தான் எங்கட வீடுகள் எல்லாத்திலும் அந்தக் கறுப்பு நிற பைல் வந்தது. பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், ஓ.எல்., ஏ.எல். பெறுபேறு, காணி உறுதி எல்லாம் ஒரே பைலுக்குள், அலுமாரியின் மேல் தட்டில், கைக்கு எட்டுற இடத்தில். உங்கட வீட்டிலும் இருக்கும்.

கையில் தூக்க முடியாத இன்னொரு பொருளின் பெறுமதியும் கூடியது: சத்தமில்லாமல் இருப்பது. பஸ்ஸில் தமிழில் கதைக்காதே. பொட்டை அழிச்சிட்டு இறங்கு. அரசியல் கதைக்கிற பெடியனோட சேராதே. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழரை "சரியான காரணம் இல்லாமல் தங்கியிருக்கிறீர்கள்" என்று சொல்லி பொலிஸ் பஸ்ஸில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பியது. மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது, பிறகு பிரதமரே வருத்தம் தெரிவித்தார். ஆனால் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் படித்த பாடம் நீதிமன்றத் தடை இல்லை. எந்த நேரமும் எழுப்பி அனுப்புவாங்கள், ஆகையால் ஆருடைய கண்ணிலும் படாதே என்பதுதான் பாடம்.

இதை நான் நக்கலாகச் சொல்லவில்லை. அந்தப் பயம் நியாயமானது. அந்த நேரத்தில் அந்தப் பைல் உயிர் காத்தது, அந்த மௌனமும் உயிர் காத்தது. ஓடித் தப்பினவர்களைப் பார்த்து "ஏன் ஓடினீர்கள்" என்று கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. என்னுடைய வாதம் வேறு. உயிர் தப்புவதற்காக எடுத்த முடிவை வாழ்க்கையின் உண்மை என்று பெயர் மாற்றி அடுத்த தலைமுறையின் தலையில் கட்டக்கூடாது. நெருப்புப் பிடித்த வீட்டிலிருந்து யன்னலால் குதிப்பது சரி. அதுக்காகப் பிறகு கட்டுற வீட்டுக்கெல்லாம் கதவே வைக்காமல் விடுகிறதா?

சரி, கஷ்டம் எங்களுக்கு "எது முக்கியம்" என்று கற்றுத் தந்தது என்றால், எது முக்கியமில்லை என்றும் கற்றுத் தந்திருக்க வேண்டுமே? சீதனத்தை எடுப்போம். ஒரே இரவில் வீடு, நகை, காசு எல்லாம் போகும் என்று கண்ணால் கண்ட சமூகம் இது. சீதனத்தைத்தான் முதலில் கைவிட்டிருக்க வேண்டும். நடந்தது என்ன? ஊரில் காணியாக இருந்த சீதனம் வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடாக மாறியது. எத்தனை அறை, லிப்ட் இருக்கோ, கடல் பக்கமோ காலி வீதிப் பக்கமோ என்று விசாரிக்கிறார்கள். சாதியை எடுப்போம். முகாமில் ஒரே பானையில் சாப்பிட்டோம், சாதி செத்துப் போச்சு என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமக்கள் தேவைப் பக்கத்தை விரித்துப் பாருங்கள், அது எவ்வளவு சுகமாக இருக்குது என்று தெரியும். வெள்ளவத்தைக் கடையில் சாமான் தூக்குகிற மலையகப் பெடியனை எங்கள் பெரியவர்கள் எந்தப் பெயரில் கூப்பிடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். 1983இல் கும்பல் அடிக்கும்போது யாழ்ப்பாணமோ பதுளையோ என்று பார்த்து அடிக்கவில்லை. அடி ஒன்றாகத்தான் விழுந்தது. மரியாதை மட்டும் இன்னும் தனித்தனியாகத்தான் பரிமாறப்படுகிறது.

இன்னும் கசப்பான உதாரணம் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். வீட்டை விட்டுத் துரத்தப்படுவது என்றால் என்ன என்று எங்களை விட ஆருக்குத் தெரியும்? ஆனால் அண்டைக்குத் தமிழ் சமூகத்தில் பெரும்பகுதி வாய் திறக்கவில்லை. பயம் ஒரு காரணம்தான். 2019இல் அந்தப் பயமும் இல்லை. ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. செவ்வாய்க்கிழமைகளில் சைவக்காரரும் போய் மெழுகுதிரி கொளுத்துகிற கோயில் அது. கொட்டாஞ்சேனை முழுக்கச் செத்த வீடாக இருந்தது. சில நாட்களுக்குள் எங்கள் வட்ஸ்அப் குறூப்களில் வந்தது என்ன? முஸ்லிம் கடைக்குப் போகாதீங்கோ, முஸ்லிம் ஓட்டோவில் ஏறாதீங்கோ, பையைத் திறந்து செக் பண்ணுங்கோ. முப்பது வருசம் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டின ஆட்கள் எழுதினார்கள் இதை. பட்டால்தான் தெரியுமாம்.

யாழ்ப்பாணத்தில் பல வருசம் மனநல மருத்துவராக வேலை செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனித்தனி ஆட்களை மட்டுமல்ல, ஒரு சமூகத்தின் உறவுகளையே காயப்படுத்துகிறது என்று தொடர்ந்து எழுதியவர். அவர் விவரிக்கிற அறிகுறிகளை வாசித்தால் எங்கட லேனை வாசிக்கிற மாதிரி இருக்கும்: ஒருவரை ஒருவர் நம்பாமை, மௌனம், பொது விஷயத்திலிருந்து ஒதுங்குதல், யாரோ மேலே இருக்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருத்தல். நாங்கள் இதைத்தான் "பக்குவம்" என்று கூப்பிடுகிறோம். காயத்துக்குப் பக்குவம் என்று பெயர் வைத்தால் அதுக்கு மருந்து தேட மாட்டோம்.

இப்போது எங்கள் தலைமுறைக்கு வருவோம். எங்களில் கனபேர் 83ஐக் காணவில்லை. 2009இல் நாங்கள் சின்னப் பிள்ளைகள். ஆனால் வீட்டில் நடக்கிற ஒவ்வொரு சண்டையும் அந்தப் பழைய விலைப்பட்டியலை வைத்துத்தான் நடக்கிறது. "ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப் போறாய்?" இந்தக் கேள்வி ஒரு பாடத்தைப் பற்றியது மாதிரிக் கேட்கும். உண்மையில் அதற்குப் பின்னால் இருக்கிற கேள்வி, "இந்தப் படிப்பைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா?" என்பதுதான். அரசறிவியலும் தமிழும் பைலுக்குள் வைத்து மெல்பேர்னுக்குக் கொண்டு போகக்கூடிய சாமான் இல்லை. அக்கவுண்டன்சி கொண்டு போகலாம். "அந்தப் பெடியனோட என்ன கதை?" "ஊர்வலத்துக்கு ஏன் போனாய்?" "சிங்களப் பிள்ளையளோட சேர்ந்து ஏன் போஸ்ட் போடுறாய்?" எல்லாத்துக்கும் அடியில் அதே பட்டியல். 2022இல் காலிமுகத்திடலில் கூடாரம் போட்டிருந்தபோது வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். போகாமல் இருந்ததற்கு எங்கள் வீடுகளில் சொன்ன காரணம் அரசியல் விமர்சனம் இல்லை. "இது எங்கட சண்டை இல்லை, நீ வீட்டில இரு." அந்த மே 18ஆம் திகதி அதே காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூர்ந்தார்கள், சிங்களவரும் நின்றார்கள். எங்களில் எத்தனை பேர் அதை போனில் மட்டும் பார்த்தோம்?

இந்தச் சண்டைகள் எப்படி முடிகின்றன என்றும் எல்லாருக்கும் தெரியும். "நாங்கள் பட்டது உனக்குத் தெரியாது." அவ்வளவுதான், கதை முடிஞ்சுது. கஷ்டம் ஒரு துருப்புச் சீட்டாகி விடுகிறது. அதை மேசையில் போட்டால் மற்றவர் வாயை மூட வேண்டும். இதில் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது: என்ன பட்டார்கள் என்றும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே அதற்குக் கட்டுப்படச் சொல்லுவார்கள்.

அப்படியென்றால் கஷ்டத்தால் ஒருவரும் நல்லபடி மாறவே இல்லையா? மாறியிருக்கிறார்கள். எப்படி மாறினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ரிச்சர்ட் டெடெஸ்கி, லோரன்ஸ் கல்ஹூன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் தொண்ணூறுகளில் இதைப் பற்றி ஆராய்ந்தார்கள். பேரிழப்புக்குப் பிறகு சிலரின் வாழ்க்கை மதிப்புகள் ஆழமாகின்றன என்று எழுதியவர்கள் அவர்கள்தான். மோட்டிவேஷன் பேச்சாளர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்த மாற்றத்தைத் தருவது இழப்பு அல்ல, இழப்புக்குப் பிறகு அதோடு நடத்துகிற போராட்டம் என்பதுதான் அவர்கள் சொன்னது. கேட்க ஆள் இருக்க வேண்டும், பேச வேண்டும், பழைய நம்பிக்கைகளை எடுத்துக் கேள்வி கேட்க வேண்டும். சும்மா பட்டால் போதாது.

எங்களிடமே உதாரணம் இருக்கிறது. 2008, 2009இல் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 இளைஞர்கள் கடத்தப்பட்டார்கள். தமிழர், முஸ்லிம்கள். கப்பத்துக்காகக் கடத்தியதாகக் கடற்படையினர் மீது குற்றச்சாட்டு. அந்தப் பெற்றோருக்கும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இருந்த அதே பயம்தான் இருந்திருக்கும், அதைவிடக் கூடவும் இருந்திருக்கும். அவர்கள் பைலைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார்கள். முன்னாள் கடற்படைத் தளபதிக்கு எதிரான குற்றச்சாட்டைத் தொடரப்போவதில்லை என்று 2021இல் சட்டமா அதிபர் தரப்பு அறிவித்த பிறகும் அவர்கள் விடவில்லை. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தை எடுங்கள். 2022இல் அரசாங்கம் ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தபோது, எங்களுக்குக் காசு வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள் என்றார்கள் அந்தத் தாய்மார். நாளுக்கு மூன்று வேளை சாப்பாடு நிச்சயமில்லாதவர்கள் சொன்னது இது. காசை விட உண்மை பெரிது என்ற இந்த மதிப்பு அவர்களுக்கு ஷெல் அடியிலிருந்து வரவில்லை. கொட்டகையில் ஒன்றாக இருந்து, ஒருவர் கதையை ஒருவர் கேட்டுக் கேட்டு வந்தது.

சந்தியா எக்னெலிகொடவையும் பாருங்கள். சிங்களப் பெண். அவருடைய கணவர், ஊடகவியலாளர் பிரகீத், 2010 ஜனவரி 24ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டார். வீட்டுக்குள் இருந்து அழுதிருக்கலாம். அவர் நீதிமன்றப் படியேறினார், வடக்கின் தாய்மாரோடு வந்து நின்றார். 2022 ஜனவரி 24இல், கணவர் காணாமல் போய்ப் பன்னிரண்டு வருசம் முடிந்த நாளில், கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் இருக்கிற முகத்துவாரம் காளி கோயிலில் தலையை மழித்து நீதி கேட்டார். தன் சொந்த இழப்பிலிருந்து மற்றவரின் இழப்புக்கு ஒரு பாலம் போட்டவர் அவர். எங்கள் லேனில் எத்தனை பேர் அப்படிப் பாலம் போட்டோம்?

ரஜனி திராணகமவின் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அவருடைய சண்டை தன்னுடைய ஆட்களோடு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர். ஒரு காலத்தில் புலிகளை ஆதரித்தவர், பிறகு விலகியவர். இராணுவம், இந்தியப் படை, இயக்கங்கள் என்று எல்லாருடைய கொடுமையையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்று நின்றார். தயா சோமசுந்தரம், ராஜன் ஹூல், ஸ்ரீதரன் ஆகியோரோடு சேர்ந்து 'முறிந்த பனை'யை எழுதினார். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, 35 வயதில், வீட்டுக்குத் திரும்புகிற வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகள்தான் செய்தார்கள் என்று அவரோடு வேலை செய்தவர்கள் குற்றஞ்சாட்டினார்கள், புலிகள் மறுத்தார்கள். "எங்கட ஆட்கள் செய்தால் பேசாமல் இரு" என்பதுதான் அன்றைய மதிப்பு. அதோடு சண்டை பிடித்ததால்தான் அவரிடம் வேறொரு மதிப்பு பிறந்தது.

இந்த நாலு கதையிலும் பொதுவாக இருப்பது கஷ்டம் இல்லை. கஷ்டம் எல்லாருக்கும்தான் வந்தது. இவர்கள் பேசினார்கள், மற்றவர்களோடு சேர்ந்து பேசினார்கள், தேவைப்பட்டால் சொந்த வீட்டோடும் சொந்த இனத்தோடும் சண்டை பிடித்தார்கள். மதிப்பை மாற்றுவது அந்த இரண்டாவது சண்டைதான். வெள்ளவத்தையில் நாங்கள் முதலாவது சண்டையை அனுபவித்துவிட்டு இரண்டாவது சண்டையைத் தவிர்த்துவிட்டோம்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுக்குப் போறது துரோகம் என்று நான் சொல்லவில்லை. 2022க்குப் பிறகு பத்தரமுல்லை பாஸ்போர்ட் வரிசையில் தமிழர் மட்டும் நிற்கவில்லை, முழு நாடும் நின்றது. போங்கள். அக்கவுண்டன்சி படிக்க விருப்பமென்றால் படியுங்கள். ஆனால் அது உங்கள் முடிவா, இல்லாட்டி 83இல் எடுத்த முடிவை நீங்கள் இப்பவும் நிறைவேற்றிக்கொண்டு இருக்கிறீர்களா என்று ஒருக்கா கேட்டுப் பாருங்கள். அதே மாதிரி, பெற்றோரோடு சண்டை பிடித்தவுடன் நாங்களும் புரட்சியாளர் ஆகிவிட மாட்டோம். கதவை அடித்துச் சாத்திவிட்டு ஹெட்போனைப் போடுவது அவர்களுடைய மௌனத்தின் இன்னொரு வடிவம்தான்.

ஆகையால் அடுத்த முறை வீட்டில் "நாங்கள் பட்டது உனக்குத் தெரியாது" எண்டு சொன்னால் எழும்பிப் போகாதீங்கோ. "தெரியாதுதான் அப்பா, சொல்லுங்கோ" எண்டு கேளுங்கோ. எந்த வீதியில் இருந்தீங்கள்? ஆர் ஒளிச்சு வைச்சது? எந்தச் சிங்களக் குடும்பம் கதவைத் திறந்தது, எது திறக்கேல்லை? எதை விட்டிட்டு ஓடினீங்கள்? அதுக்கு முந்தி நீங்கள் என்னவாக வர விரும்பினீங்கள்? கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கோ. எங்கட பெரியவர்களில் பலருக்கு அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதே இல்லை. ஒருவேளை அந்தப் பதிலில் ஒரு நாடக நடிகரோ, ஒரு தமிழ் ரீச்சரோ, அரசியல் கதைக்கிற ஒரு பெடியனோ இருப்பார். பிறகு உங்கட ஆர்ட்ஸ் சண்டையைத் தொடருங்கோ. வேறமாதிரி நடக்கும்.

83இல் இருபது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. கேட்க இன்னும் கனகாலம் இல்லை. கேட்காமல் விட்டால் அவர்களுக்குப் பிறகு எங்கள் கையில் மிஞ்சப்போவது அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிற அந்தக் கறுப்புப் பைல் மட்டும்தான். அதுக்குள்ள சேர்ட்டிபிகேட் எல்லாம் இருக்கும். அவர்கள் இருக்க மாட்டார்கள்.